இரண்டாவது ராணுவம் எங்கே?

"மக டல்லாஸ்ல இருக்கா. இங்க டிவியப் போட்டா அமெரிக்கா ரெண்டா உடையப் போகுதுங்கறான். நெசமாவே சண்டை வந்துருமாப்பா?" என்று எதிர்வீட்டு அண்ணன் கேட்டார். டீ வந்துவிட்டது. அது ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்றாவது பிரித்துச் சொல்லிவிடலாம்.

கலவரத்துக்கு ஒரு கூட்டம் போதும். கொலைக்கு ஒரு ஆள் போதும். உள்நாட்டுப் போருக்கு இரண்டு ராணுவம் வேண்டும். சம்பளம், சாப்பாடு, வெடிமருந்து, உத்தரவு போட ஒரு தலைமை, தோற்றால் பின்வாங்கிப் போய்ச் சேர ஒரு நிலம் என்று எல்லாம் உள்ள இரண்டு தரப்பு. அமெரிக்காவில் ஒரு ராணுவம் இருக்கிறது, உலகத்திலேயே பெரிய பட்ஜெட்டோடு. இரண்டாவது எங்கிருந்து வரும்? போர் வருமா என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு வருவதே இல்லை. யார் யாரை எவ்வளவு வெறுக்கிறார்கள் என்ற கணக்கோடு நின்றுவிடுகிறார்கள்.

வெறுப்பு மட்டும் போதும் என்றால் அமெரிக்காவின் உள்நாட்டுப் போர் 1856-லேயே தொடங்கியிருக்க வேண்டும். அந்த வருஷம் மே 22 அன்று செனட் சபை அன்றைய வேலையை முடித்துக் கலைந்துவிட்டது. மாசசூசெட்ஸ் உறுப்பினர் சார்லஸ் சம்னர் மட்டும் தன் மேசையில் குனிந்து, அச்சிட்ட தன் பேச்சுப் பிரதிகளைத் தபாலுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். இரண்டு நாள் முன்பு பேசி முடித்த பேச்சு அது. அடிமை முறையைச் சாடியதோடு விடாமல், தென் கரோலினா செனட்டர் ஆண்ட்ரூ பட்லரையும் பெயர் சொல்லி ஏளனம் செய்திருந்தார். பட்லரின் சொந்தக்காரர் பிரஸ்டன் புரூக்ஸ், கீழ்ச்சபை உறுப்பினர், தங்கப் பூண் போட்ட கைத்தடியோடு உள்ளே வந்தார். இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் தலையிலேயே அடிக்க ஆரம்பித்தார். சபை மேசைகள் தரையோடு முடுக்கப்பட்டவை. கால் மாட்டிக்கொண்டு எழ முடியாமல் தவித்த சம்னர், கடைசியில் மேசையைப் பெயர்த்துக்கொண்டுதான் எழுந்தார். தடி உடைந்த பிறகும் அடி நிற்கவில்லை. அவர் சபை வேலைக்கு முழுசாகத் திரும்ப மூன்று வருஷம் ஆனது. புரூக்ஸ் ராஜினாமா செய்தார், அதே தொகுதி அவரையே திரும்பத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. உடைந்த தடிக்குப் பதிலாகத் தெற்கு மாநிலங்களிலிருந்து புதுத் தடிகள் பரிசாக வந்து குவிந்தன.

நாடாளுமன்றத்துக்குள்ளேயே ஒருவர் மண்டையை உடைக்கிறார், ஒரு பாதி நாடு கைதட்டுகிறது. இன்றைய அமெரிக்கா இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை. அப்படியும் போர் வர இன்னும் ஐந்து வருஷம் பிடித்தது. வெறுப்பு 1856-லேயே தயார். ராணுவம் தயாராகவில்லை.

அது எப்படித் தயாரானது என்று பார்க்கலாம். வடக்கையும் தெற்கையும் சேர்த்துப் பிடித்திருந்த அமைப்புகள் ஒவ்வொன்றாக விட்டுப் போயின. மெத்தடிஸ்ட் சபையும் பாப்டிஸ்ட் சபையும் அடிமை விவகாரத்தில் 1840-களின் நடுவிலேயே வடக்கு தெற்காகப் பிரிந்துவிட்டன. விக் கட்சி 1850-களின் நடுவில் செத்தது. ஜனநாயகக் கட்சி 1860-ல் இரண்டாக உடைந்து இரண்டு வேட்பாளர்களை நிறுத்தியது. 1859 அக்டோபரில் ஜான் பிரவுன், அடிமைகளை எழுப்பிவிட ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கைப் பிடிக்கப் போய் மாட்டிக்கொண்ட பிறகு, தெற்கின் ஊர்ப் படைகள் விளையாட்டுக்குச் செய்த அணிவகுப்பை நிஜமாகச் செய்ய ஆரம்பித்தன.

பணயத்தில் இருந்தது என்ன என்பதையும் மறக்கக் கூடாது. ஏறத்தாழ 40 லட்சம் மனிதர்கள், கணக்குப் புத்தகத்தில் சொத்தாக. அந்தச் சொத்தின் சந்தை மதிப்பு, நாட்டின் ரயில் பாதைகளையும் தொழிற்சாலைகளையும் சேர்த்தாலும் அதைவிட அதிகம். பிறகு 1860 தேர்தல். தெற்கில் பத்து மாநிலங்களில் ஆபிரகாம் லிங்கனுக்கு ஓட்டுச் சீட்டே கிடையாது. மொத்த வாக்கில் அவருக்குக் கிடைத்தது 40 சதவீதத்துக்கும் கீழே. அப்படியும் ஜெயித்தார். தோட்ட முதலாளிகள் அதில் படித்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: இனி எந்தத் தேர்தலிலும் நம் ஓட்டு தேவைப்படாது. தோற்றவன் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவரை துப்பாக்கியைத் தொட மாட்டான். அடுத்த தடவையே கிடையாது என்ற நினைப்புதான் ஆளை மாற்றுகிறது.

அப்போதும் அவர்கள் புதிதாக ஒரு ராணுவத்தை உண்டாக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அரசாங்கம், கஜானா, ஊர்ப் படை எல்லாம் ஏற்கெனவே இருந்தன. 1860 டிசம்பர் 20-ல் தென் கரோலினா பிரிந்தது, பிப்ரவரி ஆரம்பத்துக்குள் ஏழு மாநிலங்கள். டெக்சஸில் இருந்த மத்திய ராணுவத் தளபதி டேவிட் ட்விக்ஸ், தன் பொறுப்பில் இருந்த கோட்டைகளையும் தளவாடங்களையும் சண்டை இல்லாமல் மாநிலத்தாரிடம் ஒப்படைத்தார். ஏப்ரல் 12-ல் சம்டர் கோட்டைமேல் குண்டு விழுந்தது. லிங்கன் 75,000 பேரைப் படைக்கு அழைத்தார், இன்னும் நாலு மாநிலங்கள் போயின. வடக்கின் படைக்குத் தலைமை ஏற்கச் சொல்லிக் கேட்கப்பட்ட ராபர்ட் லீ, அதை மறுத்து ஏப்ரல் 20-ல் ராஜினாமா கடிதம் எழுதினார். சுமார் 1,100 அதிகாரிகள் இருந்த ராணுவத்திலிருந்து முந்நூறு பேர் அளவில் அப்படிக் கிளம்பித் தெற்குக்குப் போனார்கள். இரண்டாவது ராணுவம் முதல் ராணுவத்திலிருந்துதான் பிறந்தது. நாலு வருஷத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

இது பழைய கதை, ஒரே கதை என்று யாராவது சொன்னால் ஸ்பெயினைக் காட்டுவேன். 1936 பிப்ரவரியில் இடதுசாரிக் கூட்டணி தேர்தலில் ஜெயித்தது. அடுத்த மாதங்கள் முழுக்கத் தெருக்கொலை. ஜூலை 12 இரவு இடதுசாரிப் போலீஸ் அதிகாரி ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். சில மணி நேரத்தில் அவருடைய சகாக்கள் எதிர்க்கட்சித் தலைவர் கால்வோ சொத்தேலோவை வீட்டிலிருந்து கூட்டிப் போய்க் கொன்றார்கள். நாலு நாள் கழித்து ராணுவக் கிளர்ச்சி. கிளர்ச்சி முழுசாக ஜெயித்திருந்தால் ஸ்பெயினுக்கு ஒரு சர்வாதிகாரம் வந்திருக்கும். முழுசாகத் தோற்றிருந்தால் சில தளபதிகள் ஜெயிலுக்குப் போயிருப்பார்கள். பாதி ஜெயித்தது. செவிய்யா கிளர்ச்சிக்காரர்கள் கையில் போனது. பார்சலோனாவில் சிவில் கார்டு என்ற துணைப்படை அரசாங்கத்தின் பக்கம் நின்றதால் அங்கே தோற்றது. கப்பல் படையில் மாலுமிகள் அதிகாரிகளையே சிறைப்பிடித்தார்கள். சீருடை போட்டவர்கள் சரிபாதியாகப் பிரிந்த அந்த வாரம்தான் மூன்று வருஷப் போராக நீண்டது.

இலங்கையை இங்கே இழுக்காதது வேண்டுமென்றே. அங்கே நடந்தது இரண்டு கட்சிகளுக்கு நடுவில் வந்த விரிசல் இல்லை. ஒரு மக்களை அரசே தொடர்ந்து தள்ளிவைத்ததன் விளைவு, அதன் தர்க்கம் வேறு. எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டால் எதுவும் வேகாது.

சரி, இன்றைய அமெரிக்கா. வரைபடத்தில் சிவப்பு மாநிலம் (குடியரசுக் கட்சி), நீல மாநிலம் (ஜனநாயகக் கட்சி) என்று வண்ணம் அடித்துக் காட்டும்போது 1861 மாதிரியே தெரியும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் வேறு படம். 2020 தேர்தலில் டிரம்புக்கு அதிக வாக்குகள் கொடுத்த மாநிலம் டெக்சஸ் இல்லை, கலிஃபோர்னியா: 60 லட்சம். டெக்சஸ் கொடுத்தது 59 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. அதே டெக்சஸில் பைடனுக்கு 52 லட்சம். அண்ணனின் மகள் இருக்கும் டல்லாஸ் கவுண்டி 2020-லும் 2024-லும் ஜனநாயகக் கட்சிக்கே பெரும்பான்மை தந்தது. முப்பது நாற்பது மைல் காரில் போனால் எதிர்க்கட்சி ஊர். பிளவு நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் நடுவில் ஓடுகிறது, ஒவ்வொரு மாநிலத்துக்குள்ளும். இதில் எல்லைக்கோடு எங்கே போடுவது? 2024-ல் வந்த 'சிவில் வார்' என்ற ஹாலிவுட் படத்தில் டெக்சஸும் கலிஃபோர்னியாவும் கூட்டுச் சேர்ந்து வாஷிங்டன்மேல் படையெடுக்கும். நம்புகிற மாதிரி ஒரு எல்லைக்கோடு எடுத்தவர்களுக்கே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"ஆனா வீட்டுக்கு வீடு துப்பாக்கி வச்சிருக்காங்களேப்பா" என்றார் அண்ணன். உண்மைதான். பொதுமக்கள் கையில் 39 கோடிக்கும் மேல் என்பது 2018-ல் வெளியான மதிப்பீடு, அதாவது ஆள் தொகையைவிட அதிகம். ஆனால் ஊரில் வீட்டுக்கு வீடு அரிவாள் இருப்பதால் ஊர் படையாகிவிடாது. துப்பாக்கி அதிகமாக இருப்பது சாவை அதிகமாக்கும், தற்கொலையையும் சேர்த்து. போராக மாற்ற அந்தத் துப்பாக்கிகளை ஒரே உத்தரவின் கீழ் கொண்டுவருகிற ஆள் வேண்டும். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபியரனும் டேவிட் லெய்ட்டினும் 1945-க்குப் பிந்தைய உள்நாட்டுப் போர்களை எடுத்து ஆராய்ந்து 2003-ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துப் பேசுவது. மக்களிடையே எத்தனை வேற்றுமை என்பதைவிட, நாடு எவ்வளவு ஏழை, அரசு எவ்வளவு பலவீனம், ஒளிந்துகொள்ள மலையும் காடும் உண்டா என்பவைதான் போரை முன்னறிவித்தன என்பது அவர்கள் கண்டது. பார்பரா வால்டர் 2022-ல் எழுதிய புத்தகம் அமெரிக்கா ஆபத்துப் பகுதிக்குள் வந்துவிட்டது என்று எச்சரித்தது. முழு ஜனநாயகமும் இல்லாமல் முழு சர்வாதிகாரமும் இல்லாமல் நடுவில் தொங்கும் நாடுகளில்தான் போர் மூளுகிறது என்பது அவர் வாதம். அதைத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அப்படித் தொங்குகிற நாடுகளில் ராணுவம் பெரும்பாலும் நோஞ்சான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்குக் கவலை தருகிற இடம் வேறு. அங்கே 'நேஷனல் கார்டு' என்று ஒரு படை உண்டு, நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். வார நாளில் வேறு வேலை பார்ப்பார்கள், கூப்பிட்டால் சீருடை போடுவார்கள். சாதாரணமாக அது மாநில ஆளுநரின் கையில் இருக்கும். ஆளுநர் என்றால் நம் ஊர் ராஜ்பவன் ஆளுநர் இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்த, நம் முதல்வர் மாதிரியான ஆள். தேவைப்பட்டால் ஜனாதிபதி அந்தப் படையைத் தன் கட்டளைக்குக் கீழே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு முதலாளி உள்ள ஒரே படை. உடைப்பு வருமென்றால் இந்தத் தையலில்தான் வரும்.

ஒரு தடவை அது கிட்டத்தட்ட பிரிந்தது. ஆர்கன்ஸா மாநிலம் லிட்டில் ராக், 1957 செப்டம்பர் 4. வெள்ளையர் மட்டுமே படித்த சென்ட்ரல் ஹைஸ்கூலில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் சேர வேண்டிய நாள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர்கள் பக்கம். ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் நேஷனல் கார்டை வாசலில் நிறுத்தினார். 15 வயது எலிசபெத் எக்ஃபோர்ட் மற்றவர்களோடு சேர முடியாமல் தனியாக வந்தாள், கையில் புத்தகம், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. வெள்ளைப் பிள்ளைகளுக்கு வழிவிட்ட சிப்பாய்கள், இவள் போனதும் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினார்கள். பின்னாலேயே கத்திக்கொண்டு வந்த கூட்டத்தின் நடுவே பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மூன்று வாரம் இழுபறி. செப்டம்பர் 24-ல் ஜனாதிபதி ஐசனோவர் 101-வது வான்வழிப் படைப்பிரிவை அனுப்பினார், கூடவே ஆர்கன்ஸாவின் பத்தாயிரம் கார்டு வீரர்களையும் தன் கட்டளைக்குள் இழுத்தார். நேற்றுவரை பிள்ளைகளைத் தடுத்த படை, இப்போது அவர்களைக் காக்க வேண்டும். மனசுக்குள் என்ன நினைத்தார்களோ, உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார்கள். நவம்பரில் வான்வழி வீரர்கள் ஊர் திரும்பியதும் பள்ளிக்கூடத்துக் காவலை ஏற்றது அந்தக் கார்டு படையேதான். அவர்கள் உத்தரவை மீறி ஆளுநர் பக்கம் நின்றிருந்தால், லீ செய்ததை ஒரு படையே செய்ததாகியிருக்கும்.

2025-ல் அதே தையல் மறுபடி இழுபட்டது, எதிர்த் திசையில். ஜூன் மாதம் கலிஃபோர்னியா ஆளுநரின் மறுப்பை மீறி டிரம்ப் அந்த மாநிலக் கார்டையே லாஸ் ஏஞ்சலிஸ் தெருவில் இறக்கினார். அக்டோபரில் டெக்சஸ் கார்டு வீரர்கள், இல்லினாய் ஆளுநர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லியும் அந்த மாநிலத்துக்குள் வந்து இறங்கினார்கள். ஒரு மாநிலத்துப் படை இன்னொரு மாநிலத்துக்குள், அங்குள்ள ஆளுநரின் விருப்பத்துக்கு எதிராக. செய்தியைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் இல்லினாய் ஆளுநர் பிரிட்ஸ்கர் தன் படையை எதிரே நிறுத்தவில்லை. கோர்ட்டுக்குப் போனார், சிகாகோ நீதிபதி தடை போட்டார், வக்கீல்கள் மேல் கோர்ட்டுக்கு ஓடினார்கள். வக்கீல் செலவு எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை என்று நினைக்க வைத்த நாட்கள் அவை. கோர்ட் உத்தரவை வெளிப்படையாக ஒரு பக்கம் மதிக்க மறுக்கிற நாள், அல்லது இரண்டு சீருடைகள் எதிரெதிரே நிற்கிற நாள் வந்தால் நான் சொன்ன கணக்கையெல்லாம் அழித்துவிட்டு, மகளை ஊருக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று அண்ணனிடம் சொல்வேன்.

அதுவரை வரக்கூடியது என்ன? இப்போது வந்துகொண்டிருப்பதுதான், இன்னும் கூடுதலாக. 2024 ஜூலையில் பென்சில்வேனியாக் கூட்டத்தில் டிரம்ப் காதை உரசிப் போன குண்டு. 2025 ஜூனில் மின்னசோட்டாவின் ஜனநாயகக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர் மெலிசா ஹார்ட்மனும் கணவரும் வீட்டிலேயே கொலை. செப்டம்பரில் யூட்டா வேலி பல்கலைக்கழகக் கூட்டத்தில் வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கர்க் கொலை. இரண்டு பக்கத்துப் பிணங்களும் இதில் உண்டு. இந்த மாதிரிக் காலத்தை ஒரு பணக்கார ஜனநாயகம் தாண்டியிருக்கிறது: 1970-களின் இத்தாலி. வலதுசாரிகள் வங்கியிலும் ரயில் நிலையத்திலும் குண்டு வைத்தார்கள். இடதுசாரியான செம்படைக் குழு முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவைக் கடத்தி 55 நாள் வைத்திருந்து கொன்றது. பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படிப் போனது, போராகவில்லை.

ஏன் ஆகவில்லை என்பதற்கு ஜெனோவாவின் கீதோ ரோஸாவைத்தான் சொல்ல வேண்டும். இரும்பாலைத் தொழிலாளி, கம்யூனிஸ்ட், தொழிற்சங்கக்காரர். ஆலைக்குள் செம்படைக் குழுவின் துண்டறிக்கைகளை வைத்த ஆளை அடையாளம் காட்டிக் கோர்ட்டில் சாட்சி சொன்னார். 1979 ஜனவரி 24 காலையில் அவரைச் சுட்டார்கள். இறுதி ஊர்வலத்தில் லட்சக்கணக்கான தொழிலாளிகள், கூடவே நாட்டின் ஜனாதிபதியும். "நம்ம பசங்கதான், கொஞ்சம் வழி தவறிட்டாங்க" என்ற மெத்தனம் ஆலைகளில் அன்றோடு போனது. கொலைகாரனுக்கு யார் ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறார்களோ அவர்கள் கதவைச் சாத்த வேண்டும். எதிர்க்கட்சி ஆயிரம் கண்டித்தும் பயனில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர் கூட்டம் நாடாளுமன்றத்தை உடைத்து நுழைந்ததைவிட, 2025 ஜனவரி 20-ல் அதில் சம்பந்தப்பட்ட ஏறக்குறைய 1,500 பேருக்கு மன்னிப்பும் தண்டனைக் குறைப்பும் கிடைத்ததுதான் கெட்ட செய்தி. முதலாவது ஒரு நாள் கூத்து. இரண்டாவது, நம் பக்கத்துக்காக அடித்தால் நம் ஆட்சியில் வெளியே வந்துவிடலாம் என்ற சமிக்ஞை. புரூக்ஸுக்கு வந்த புதுத் தடிகள் நினைவுக்கு வருகின்றன.

போர் வராது என்றால் நல்லது என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. 1876 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டனுக்குத்தான் அதிக ஓட்டு. மூன்று தெற்கு மாநிலங்களில் இரண்டு பக்கமும் ஜெயித்ததாகச் சொன்னது. டில்டன் இல்லையென்றால் ரத்தம் என்று கோஷம். பதினைந்து பேர் கமிஷன் எட்டுக்கு ஏழு என்று குடியரசுக் கட்சியின் ரதர்ஃபோர்ட் ஹேய்ஸுக்குத் தீர்ப்புச் சொன்னது. 185-க்கு 184 என்று அவர் ஜனாதிபதியானார். தோற்ற கட்சி ஏன் அடங்கியது? தெற்கில் கறுப்பின மக்களின் ஓட்டுரிமைக்குக் காவலாக இருந்த கடைசி மத்தியப் படைகள் 1877-ல் முகாமுக்குத் திரும்பின. இரண்டு வெள்ளைத் தரப்பும் சமாதானமாயின, விலையை மூன்றாவது ஆள் கொடுத்தான், கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம்.

அந்தக் காலத்தில் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரம் கொஞ்ச நாள் தப்பித்து நின்றது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து தேர்தலில் ஜெயித்து நகரத்தை நடத்தினார்கள். 1898 நவம்பர் 10 அன்று ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கூட்டம், ஆல்ஃப்ரெட் வாடெல் என்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரின் தலைமையில், கறுப்பினத்தவர் நடத்திய பத்திரிகை அலுவலகத்தைக் கொளுத்தியது, தெருவில் கண்டவர்களைச் சுட்டது, மேயரையும் கவுன்சிலர்களையும் துப்பாக்கி முனையில் ராஜினாமா செய்ய வைத்தது. செத்தவர் எண்ணிக்கை இன்றுவரை தீரவில்லை. பலர் சதுப்பு நிலத்துக்குள் ஓடி ஒளிந்தார்கள். ஜனாதிபதி மெக்கின்லி படை அனுப்பவில்லை. எதிர்த்துச் சுட இரண்டாவது தரப்பு இல்லாததால் எந்தப் புத்தகத்திலும் அது உள்நாட்டுப் போர்க் கணக்கில் வராது. அன்று மாலையே வாடெல் மேயர் நாற்காலியில் உட்கார்ந்தார், 1906 வரை எழுந்திருக்கவில்லை.